முதலை ரொட்டியின் பின்பாதி

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் அடுப்பண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரைவிட வயதில் மூத்த நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்தபடி அவருடைய பேக்கரி, அதற்குப் பின்னால் அடுப்பறை, அதையும் தாண்டினால் அவர்கள் வீடு. மாடியில் நான். அதனால் அவருக்கு நான் மாடி ஐயா. இங்கே எழுதியிருப்பதில் ஒரு பகுதி நான் கண்ணால் பார்த்தது. மற்றது அவரும் அவர் மனைவியும் சொல்லக் கேட்டது. எது எந்த வகை என்று அங்கங்கே குறிப்பிடுகிறேன். எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டி, எழுத்தில் வரலாம் என்று சம்மதமும் வாங்கிக்கொண்டேன். ஒரே ஓர் இடத்தில் திருத்தம் சொன்னார். அதையும் சொல்வேன்.

அடுப்பண்ணனின் முன்கைகளில் முடி கிடையாது. அடுப்பு வாயில் கைவிட்டுக் கைவிட்டு அது எப்போதோ பொசுங்கிப் போய்விட்டது. குரல் பெரியது. மாவு பிசையும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேல் பேசியே வளர்ந்தவர் என்பதால், இயந்திரம் நின்ற பிறகும் அதே குரலில்தான் பேசுவார். அப்பா காலத்துக் கடை. பள்ளியை முடித்ததும் அடுப்பறைக்குள் நுழைந்தவர், இன்றுவரை வெளியே வரவில்லை என்று அவர் மனைவி சொல்வார். மனைவிதான் முன்பக்கம் கடையைப் பார்த்துக்கொள்கிறார். அளந்து பேசுகிற பெண். கணவர் பத்து வாக்கியத்தில் சொல்வதை ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்.

ரொட்டிக்காரர் வீட்டுக் கடிகாரம் வேறு கடிகாரம். ஊர் புரண்டு படுக்கிற நேரத்தில் இவர்கள் எழுந்து மாவில் கைவைக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்புமுன் சூடான பன் கிடைக்கும். மத்தியானத்துக்குள் ட்ரேக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாப்பிட்டு, வீட்டோடு படுத்துவிடுவார்கள். பிறகு மாலை வியாபாரம். இருட்டியதும் மறுபடி படுக்கை. கடை வாசலில் மத்தியான நேரத்துக்கென்று ஒரு பலகை தொங்கும். அவரே எழுதியது: “தூங்குகிறோம். பன் வேண்டுமானால் நாலு மணிக்கு வரவும். தீப்பிடித்தால் மட்டும் தட்டவும்.” அந்த நேரத்தில் தெருவே கொஞ்சம் மெல்லப் பேசும். நானும் மாடிப்படியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன். அந்த வீட்டில் எல்லோரும் படுத்த உடனே அடித்துப் போட்டாற்போலத் தூங்கக்கூடியவர்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவரிடம் ஒரு கதை உண்டு. முதலை ரொட்டிக் கதை. அந்தக் கடையில் இரண்டு தடவைக்கு மேல் பன் வாங்கிய எவரும் அதைக் கேட்டிருப்பார்கள். அவருடைய ஒரே தம்பி இருபது வயதுகூட ஆகாத பையனாக இருந்தபோது, வீட்டில் எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளத் தம்பியை விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்தால் தெருவில் கூட்டம். கூட்டத்துக்கு நடுவே ஒரு வால். அந்த வாலைப் பிடித்துக்கொண்டே போனால் கடை வாசல், கடை, அடுப்பறை. அங்கே போய்ப் பார்த்தால் தலை. வாய் திறந்திருக்கிறது. பற்களுக்குச் சீனிக்கட்டி. துண்டு துண்டாகச் சுட்டுச் சீனிப் பாகால் ஒட்டிய ஒரே ஒரு முதலை ரொட்டி. ஒரு வாரத்து மாவு அதற்குள் போய்விட்டது. தம்பி மேசைமேல் ஏறி நின்று, உலகத்தில் இதுவரை எவனும் செய்யாததைத் தான் செய்துவிட்டதாகவும் நாளைக்கு யானை என்றும் அறிவித்துக்கொண்டிருந்தான்.

அடுப்பண்ணன் இதை நடித்தே காட்டுவார். வாலைப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி கடைக்குள் நடப்பார். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். “அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?” என்று யாராவது கேட்டால், பதில் எப்போதும் ஒன்றுதான்.

“அப்புறம் என்ன, தெருவே வயிறு முட்டத் தின்னுச்சு.”

அந்தத் தம்பி வெளியூரில் இருக்கிறார் என்பதற்கு மேல் அப்போது எனக்கு எதுவும் தெரியாது. அதுவரை ஒரே ஒரு முறை வந்து பார்த்திருந்தேன். அடுப்பண்ணனுக்குப் பெண் பிறந்தபோது வந்தார். தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, “அண்ணே, இது குழந்தையா, மிளகா?” என்றார். அன்றைக்கே மிளகு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்துப் பெயர் வேறு இருக்கிறது. யாருக்கும் அது சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

மிளகு பெயருக்கேற்ற காரமான பிள்ளை இல்லை. நிதானமானவள். பிஸ்கட் மாவு வெட்டி அடுக்கியதும் ஒவ்வொன்றின்மேலும் முள்கரண்டியால் கோடு போடுவது அவள் வேலை. ஒரு கோடு சாய்ந்துவிட்டால் அதை எடுத்து உருட்டி மறுபடி தட்டி வைப்பாள். “ஒரு டப்பா பிஸ்கட்டுக்கு ஒரு யுகம் ஆகும் இவளுக்கு” என்று அப்பா கேலி செய்வார். அவள் நிமிராமலே, “கோணக் கோடுன்னா நீங்களே தின்னுங்க” என்பாள்.

அவளுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கும்போது வயிற்றுவலி என்று படுத்தாள். பள்ளிக்குப் போகவில்லை. பிஸ்கட் பக்கம் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள். வயிற்றுக்கு ஒரு டாக்டரைப் பார்த்தார்கள், பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள், கண்ணாடி வேண்டுமோ என்று கண்ணைக்கூடப் பார்த்தார்கள். எதிலும் ஒன்றும் அகப்படவில்லை. வாரக்கணக்கில் அப்படிக் கிடந்தாள். பிறகு தானாகவே எழுந்தாள், பள்ளிக்குப் போனாள். கொஞ்ச காலம் பழைய மிளகாகவே இருந்தாள். அதற்கும் பிறகுதான் அந்த இன்னொன்று வந்தது.

அது வந்தபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இதை அவர் மனைவியே என்னிடம் சொன்னார். குழந்தை வாய் திறந்து பேசுகிறாள், பாடுகிறாள், சிரிக்கிறாள். அதைவிடப் பெரிய சந்தோஷம், அப்பாவும் அம்மாவும் மாவு பிசைய எழும்போது அவளும் எழுந்து தயாராக நிற்கிறாள். யாரும் எழுப்பவில்லை. கண்ணில் தூக்கக் கலக்கம் இல்லை. அடுப்பண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், “ரத்தத்துல இருக்குங்க. நான் இந்த வயசுல இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்குவேன். இவ எனக்கு முன்னாடி எந்திரிச்சு நிக்கிறா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேறொரு வீடாக இருந்திருந்தால், சின்னப் பிள்ளை அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். ரொட்டிக்காரர் வீட்டில் அதற்குச் சுறுசுறுப்பு என்று பெயர்.

மத்தியானங்களில் நான் பார்த்தது இது. மிளகு பள்ளியிலிருந்து வரும்போது வீடு தூங்கிக்கொண்டிருக்கும். முன்பெல்லாம் அவளும் அம்மா பக்கத்தில் போய்ச் சுருண்டுகொள்வாள். இப்போது பின்கட்டுக்கு வந்து, கழுவிக் கவிழ்த்த ட்ரேக்களை எல்லாம் மறுபடி கழுவினாள். அவற்றில் சாக்பீஸால் படம் வரைந்தாள், அழித்தாள், வேறு வரைந்தாள். மாடிப்படியில் என்னைப் பார்த்தால் பிடித்துக்கொள்வாள். மழைத்தண்ணீரில் ரொட்டி செய்யப் போவதாகவும், அதைத் தின்றால் யாருக்கும் நோய் வராது என்றும், நகராட்சித் தலைவருக்கு எழுதியிருப்பதாகவும் சொல்வாள். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொன்று, அதற்குள் வேறொன்று. எனக்கு மூச்சு வாங்கும். அவளுக்கு வாங்காது. ஒருநாள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே, நான் ஏதோ கேட்டது பிடிக்காமல் முகம் சிவந்து, ஒரு ட்ரேயைச் சுவரில் எறிந்தாள். கீழே யாரும் விழிக்கவில்லை.

பிறகு பள்ளியிலிருந்து வகுப்பு ஆசிரியை நேரில் வந்தார். மிளகு தலைமையாசிரியையிடம் போய், நாற்காலியைக் கொடுங்கள், இனி பள்ளியை நான் நடத்துகிறேன் என்றாளாம். வீட்டிலிருந்து எடுத்துப் போன பன் எல்லாவற்றையும் வகுப்புக்கு வாரி இறைத்தாளாம். வேண்டாம் என்ற தோழியை அறைந்தாளாம். பள்ளியில் சிலர் இது அடங்காத்தனம் என்றும், சிலர் ஓரிடத்தில் உட்கார முடியாத கவனக்குறைவுப் பிரச்சினை என்றும் பேசிக்கொண்டார்களாம். ஆசிரியை இரண்டையும் ஒப்பவில்லை.

“வாலுப் பசங்க எனக்குப் புதுசில்லங்க” என்றார். “வாலுன்னா அது வருஷம் பூரா வாலு. உங்க பொண்ண ஒண்ணாம் வகுப்புலேர்ந்து பாக்கறேன். கோடு கோணினா அழிச்சுட்டுப் போடற பிள்ள. போன வருஷம் வேற ஆளா இருந்தா, இப்ப இன்னொரு ஆளா இருக்கா. இது அவ இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில குழந்தைங்க மனசப் பாக்கற டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. ஒரு தடவ காட்டிடுங்க.”

அடுப்பண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆசிரியை போனதும், என் பெண்ணுக்குப் பைத்தியப் பட்டம் கட்ட வந்துவிட்டார்கள் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், அடுப்பறையின் தகரக் கூரைமேல் மிளகு நின்றுகொண்டிருந்தாள். இது நான் பார்த்தது. துருப்பிடித்த தகரம். ஒரு பூனை நடந்தாலே குழியும். அவள் கைகளை விரித்துக்கொண்டு, தான் மாவுப் பொடி மாதிரி லேசாகிவிட்டதாகவும் தகரம் தன்னைத் தாங்கும் என்றும் எனக்கு விளக்கினாள். பலகையில் எழுதியிருந்ததை மீறி நான் போய்க் கதவைத் தட்டினேன். அடுப்பண்ணன் வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தார். அவர் கத்தாமல் பேசி நான் முதல்முறை கேட்டது அப்போதுதான். “மிளகு, பிஸ்கட்டுக்குக் கோடு போட ஆள் இல்லம்மா. கொஞ்சம் வந்துட்டுப் போறியா?” என்றார். அவள் ஏணி வழியாக இறங்கி வந்தாள். அவள் கால் தரையில் பட்டதும் அவர் முள்கரண்டியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் நடந்தது அவர்கள் சொல்லக் கேட்டது. டாக்டரம்மா அப்பா அம்மாவிடம் தனியாகவும், மிளகிடம் தனியாகவும் பேசினார். கேள்விமேல் கேள்வி. இப்படி இருப்பது எப்போது தொடங்கியது, அதற்கு முன் எப்படி இருந்தாள், நடுவில் சரியாக இருந்த காலம் உண்டா, படிப்பு, சாப்பாடு, நட்பு. அடுப்பண்ணனிடம் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருந்தது. தூக்கம் குறைந்திருக்கிறதா என்று கேட்டபோது, “அதெல்லாம் ஒரு குறையும் இல்ல. எங்க கூடவே படுப்பா, எங்க கூடவே எந்திரிப்பா” என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது மனநிலை தொடர்பாக ஏதாவது இருந்ததா என்று கேட்டதற்கு, “எங்க பரம்பரையிலயே கெடையாது” என்றார்.

மிளகிடம் தனியாகப் பேசிய பிறகு டாக்டரம்மா தாயை மட்டும் உள்ளே கூப்பிட்டார். போன வருஷம் படுத்திருந்தாளே, அப்போது தான் இல்லாமல் போய்விட்டால் நல்லது என்று அடிக்கடி நினைத்தாளாம். நேராகக் கேட்டதும் நேராகச் சொல்லியிருக்கிறாள். இதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றும் சொன்னாளாம். வயிற்றுவலி என்று நாங்கள் பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நாள்களில் அவளுக்குள் அது இருந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னபோது, அந்த அம்மாள் கடைத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தட்டையே மறுபடி மறுபடி துடைத்தார். அன்றுமுதல் குழந்தையைத் தனியாக விடவில்லை. அடுப்பறைக் கத்திகளும் ஏணியும் பூட்டுக்குள் போயின.

டாக்டரம்மா அன்றைக்கு நோயின் பெயர் எதையும் சொல்லவில்லை. தைராய்டு என்கிற கழுத்துச் சுரப்பி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார், பள்ளி ஆசிரியையுடன் பேச அனுமதி கேட்டார், அடுத்த வாரம் வரச் சொன்னார். வெளியே வந்ததும் அடுப்பண்ணனுக்கு அது பொறுக்கவில்லை.

“காலையிலேர்ந்து கேள்வி கேட்டுட்டு என்னன்னு சொல்லத் தெரியல பாத்தியா? நம்ம கடையில வந்து பன் என்ன வெலைன்னு கேட்டா, ரத்தம் குடுத்துட்டுப் போங்க, அடுத்த வாரம் சொல்றேன்னா நான் சொல்றேன்?”

அவர் மனைவி நின்று திரும்பிப் பார்த்தார். “ஒரு ட்ரே பன் வெந்துச்சா இல்லையான்னு நீங்க எத்தன தடவ கதவத் தொறந்து பாக்கறீங்க? அவங்களும் பாக்கட்டும்.”



அடுத்த வாரம் போனபோது அந்த அறையில் காற்றே கனமாக இருந்தது என்றார் அடுப்பண்ணன். ரத்தச் சோதனையில் குறை ஒன்றும் இல்லை. மிளகு வெளியே நர்ஸிடம் மழை ரொட்டி பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பண்ணனுக்கு அமைதி ஆகாது. கனமான இடத்தை லேசாக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். முதலை ரொட்டிக் கதையை எடுத்துவிட்டார். எழுந்து வாலைப் பிடித்துக்கொண்டு நடந்தும் காட்டினார். டாக்டரம்மா உண்மையாகவே சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

“அப்புறம் என்ன ஆச்சு?”

“அப்புறம் என்ன, தெருவே வயிறு முட்டத் தின்னுச்சு.”

“தின்னவங்களக் கேக்கலங்க. செஞ்சவரக் கேக்கறேன்.”

அடுப்பண்ணன் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அத்தனை வருஷத்தில் கதை முடிந்த பிறகு யாரும் தம்பியைப் பற்றிக் கேட்டதில்லை.

“அந்த நாள்ல அவரு தூங்கினாரா?” என்று டாக்டரம்மா மெல்லக் கேட்டார். பிறகு அவரை விட்டுவிட்டு வீட்டு வழக்கத்தைப் பற்றிக் கேட்டார். எப்போது எழுவீர்கள், மத்தியானம் என்ன செய்வீர்கள், குழந்தை அப்போது எங்கே இருப்பாள்? அவர் மனைவி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், மத்தியானத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

“நாங்க படுக்கறப்ப அவ படுத்திருப்பா டாக்டர். எந்திரிக்கறப்ப எந்திரிச்சிருப்பா. நடுவுல தூங்கினாளா இல்லையான்னு பாக்க எங்க வீட்டுல முழிச்சிருக்கற ஆளே கெடையாதே” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்பண்ணன் நேராக மாடிக்கு வந்தார். மத்தியானத்தில் நான் பார்த்ததைச் சொன்னேன். ராத்திரியும் கீழே ட்ரே நகரும் சத்தம் கேட்டதுண்டு, வேலை நடக்கிறது என்று நினைத்திருந்தேன் என்றேன். எத்தனை மணிக்குக் கேட்கும் என்று கேட்டார். சொன்னேன். அந்த நேரத்தில் நாங்கள் எழுவதே இல்லை என்றார்.

மறுநாள் பன்னில் உப்பு இல்லை. வாங்கியவர்கள் திரும்பி வந்து, “என்ன அண்ணே, கடைக்குப் பத்தியச் சாப்பாடா?” என்று கேட்டார்கள். யாரோ ஒரு புது ஆள் முதலைக் கதை கேட்டார். இன்றைக்கு வேலை இருக்கிறது என்று அடுப்பண்ணன் அடுப்பறைக்குள் போய்விட்டார். அன்று மாலை மாடிப்படியில் வந்து நின்று, தம்பி இருக்கிற ஊருக்குப் பஸ் எப்போது என்று கேட்டார். பஸ் நேரங்கள் என்னிடம் எப்போதும் இருக்கும். மறுநாள் பலகையில் வேறு வாசகம் தொங்கியது: “இன்று ரொட்டி இல்லை. தீயும் இல்லை. தட்ட வேண்டாம்.”

அங்கே நடந்தது அடுப்பண்ணன் சொல்லக் கேட்டது. தம்பி ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் துணி தேய்க்கிறார். ஹோட்டலுக்குப் பின்னாலேயே ஓர் அறை. கட்டில், ஸ்டூல், மடிப்புக் கலையாத இரண்டு சட்டை. ஜன்னல் திட்டில் இவர்கள் கடையின் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று. பேர் அழிந்து போனாலும் அடுப்பண்ணனுக்கு அடையாளம் தெரிந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே மாத்திரை. கல்யாணத்திலும் சாவிலும் பார்த்துக்கொள்ளும்போது நல்லா இருக்கியா, இருக்கேன் என்பதோடு முடித்துக்கொண்ட இருவரும் அன்று கட்டிலின் இரு முனைகளில் உட்கார்ந்தார்கள். அண்ணன் குழந்தையைப் பற்றிச் சொன்னார்.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்.

“அந்த முதலைக் கதைய ஊரு பூரா சொல்லிக்கிட்டிருக்கேல்ல? எனக்கு அதுல வருத்தம் இல்லண்ணே. நல்லாத்தான் இருந்துச்சு அந்த முதல. அதோட பின்பாதிய ஏன் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேங்கற?”

“என்னத்தச் சொல்லுவேன்? மாவு மூட்டைக்குப் பின்னாடி செவுத்தப் பாத்துப் படுத்தே கெடந்த. சோம்பேறின்னு அப்பா அடிச்சாரு. நான் பாத்துக்கிட்டு நின்னேன். அதச் சொல்லவா?”

“நீ நின்னது மட்டுந்தான் உனக்கு ஞாபகம் இருக்கு” என்றார் தம்பி. “மிச்சமான முதலைய நீ காயவச்சு ரஸ்க் போட்ட. அப்பா தூங்கற நேரமாப் பாத்து வந்து, பால்ல முக்கி எனக்கு ஊட்டுவ. நான் வாயத் தொறக்கற வரைக்கும் உக்காந்திருப்ப. நான் எழுந்து நடமாடுனது அதனாலதாண்ணே. அது கதையில வரவே மாட்டேங்குது.”

தம்பிக்கு என்ன என்று முப்பது வயது தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். அதுவரை அவர் நாலு ஊர், ஏழெட்டு வேலை மாறியிருந்தார். உயரப் போகும்போதெல்லாம் கெட்டிக்காரன் என்றும், கீழே விழும்போதெல்லாம் சோம்பேறி என்றும் பெயர் வாங்கினார். “அந்த வருஷமெல்லாம் அவளுக்குப் போகக் கூடாது. நானே வந்து டாக்டர்கிட்டச் சொல்றேன்” என்று சட்டையை எடுத்துப் பையில் வைத்தார்.

மூன்றாவது முறை தம்பியையும் சேர்த்துக்கொண்டு போனார்கள். தம்பி எதையும் மறைக்காமல் சொன்னார். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். சித்தப்பாவுக்கு இருப்பதால் மட்டும் குழந்தைக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட முடியாது என்றார். ஆனால் வாரக்கணக்கில் தாழ்ந்து கிடந்தது, நடுவில் இயல்பாக இருந்தது, பிறகு தூக்கமே தேவைப்படாமல் பொங்கியது, ஆசிரியை சொன்னது, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது இருமுனை மனநிலைக் கோளாறாக இருக்கும் என்றே நினைப்பதாகச் சொன்னார்.

“பேரு ரொம்பப் பெருசா இருக்கே டாக்டர்” என்றார் அடுப்பண்ணன். “என் பொண்ணு இத்தினிக்கூண்டு.”

“பேர நாம வச்சுக்குவோம். அவ மிளகாவே இருக்கட்டும்” என்றார் டாக்டரம்மா. வளர்கிற குழந்தை என்பதால் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், நான் நினைத்தது தவறென்று பட்டால் மாற்றிச் சொல்லத் தயங்க மாட்டேன் என்றும் சொன்னார். மாத்திரை தொடங்கினார். அதோடு ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார். தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, ஒரே நேரத்தில் எழுவது.

தம்பி ஒரு வாரம் தங்கினார். மாவு மூட்டைமேல் மிளகும் அவரும் உட்கார்ந்திருந்தபோது நான் காதால் கேட்டது இது.

“சித்தப்பா, உங்க தலைக்குள்ளயும் ரயில் ஓடுச்சா?”

“ஒண்ணா ரெண்டா? அத்தனையும் ஒரே தண்டவாளத்துல.”

“இப்ப?”

“இப்ப பாசஞ்சர் வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது மெதுவாகப் போகுமே, போரடிக்காதா என்று கேட்டாள். முதலில் அடிக்கும், பிறகு ஜன்னல் வழியாகப் பார்க்கப் பழகிவிடும் என்றார் அவர்.

கடையின் கடிகாரம் மாறிவிட்டது. விடிந்த பிறகுதான் அடுப்பு மூட்டுகிறார்கள். காலை ரொட்டி, பள்ளி மணி அடித்த பிறகுதான் வெளியே வருகிறது. “ரொட்டிக்காரன் விடிஞ்சப்புறம் எந்திரிக்கறத இப்பத்தான் பாக்கறேன்” என்று பழைய வாடிக்கையாளர் ஒருவர் குத்தலாகச் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனார். இன்னும் சிலரும் போனார்கள். மத்தியானப் பலகையையும் கழற்றிவிட்டார்கள். மிளகு பள்ளியிலிருந்து வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் விழித்திருக்கிறார். மாத்திரை ஒத்துக்கொள்ளச் சில மாதங்கள் பிடித்தன. ஒன்றை மாற்றினார்கள், ஒன்றைக் குறைத்தார்கள். பள்ளியில் அறை வாங்கிய தோழி ஒருநாள் பன் வாங்க வந்து, மிளகை முறைத்தாள்; பிறகு இரண்டு பேரும் ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது சரியான குறிப்பாகாது. மழைக்காலம் தொடங்கியபோது மிளகு மறுபடி படுத்தாள். இந்த முறை யாரும் வயிற்றுவலி என்று சொல்லவில்லை. உடனே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்கள். மருந்தின் அளவு மாறியது. ஆனால் அது வேலை செய்யும்வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்த நாள்களில் அவள் சாப்பிடவில்லை.

இது நான் பார்த்தது. மாலை. குடையைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போயிருந்தேன். உள்ளறைக் கதவு திறந்திருந்தது. மிளகு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அடுப்பண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் பால், ஒரு கையில் ரஸ்க். கதை சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து நடக்கவில்லை, வாலைப் பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவுமில்லை. மாவு மூட்டைக்குப் பின்னால் படுத்திருந்த தம்பியிலிருந்து தொடங்கினார். அப்பா அடித்ததைச் சொன்னார். தான் நின்றதைச் சொன்னார். ரஸ்க் போட்டதையும் சொன்னார். சொல்லி முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. நானும் குடையோடு அங்கேயே நின்றேன்.

நெடுநேரம் கழித்து மிளகு சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

“இது முதலையோட எந்த எடம்?”

“வயிறும்மா. மெத்துனு இருக்கும்.”

அவள் திரும்பினாள். அவர் ரஸ்க்கைப் பாலில் முக்கி எடுத்தார். அவள் வாயைத் திறந்தாள்.

முதலில் நான் இந்த இடத்தில் வால் என்று எழுதியிருந்தேன். படித்துக் காட்டியபோது அடுப்பண்ணன் கையை நீட்டி நிறுத்தினார். அவர் சொன்ன ஒரே திருத்தம் இதுதான்.

“வால் இல்ல மாடி ஐயா. வால அன்னைக்கே தெருப் பசங்க தின்னு தீத்துட்டாங்க. எனக்குன்னு மிஞ்சுனது வயிறுதான். அதத்தான் தம்பிக்கும் குடுத்தேன், இவளுக்கும் குடுத்தேன்.”

திருத்திவிட்டேன்.